கடலடி ஸ்கூட்டரைப் பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி: குமரி மேற்குக் கரையினருக்கு ஒரு வழிகாட்டி

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் அத்தரும் கொண்டுவந்தார்கள். இப்போது நீரோடியிலிருந்து குளச்சல் வரையுள்ள எங்கள் கரையில் கடலடி ஸ்கூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பேட்டரியில் இயங்கும் ஒன்றோ இரண்டோ புரொப்பல்லர்கள், அவற்றைச் சுற்றி ஒரு கூண்டு, இரண்டு கைப்பிடிகள், விரலால் அழுத்தும் விசை ஆகியவை மட்டுமே கொண்ட எளிய கருவி இது. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினால், நீந்தாமலேயே தண்ணீருக்குள் இழுத்துச் செல்லும். சிறிய வகைகள் பெரும்பாலும் மணிக்கு மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். பொழுதுபோக்குக்காக விற்கப்படும் பல கருவிகள் 30 அல்லது 40 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் கருவியின் உறை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. அதைப் பிடித்திருப்பவரின் காதும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

கருவியைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் அஞ்சுவது புரொப்பல்லரைப் பார்த்துத்தான். என் கணிப்பில் அது இரண்டாவது ஆபத்து. நீந்திப் பழகியவருக்குத் தன் எல்லையைக் களைப்புதான் உணர்த்துகிறது. கை ஓய்ந்தால் திரும்பிவிடுவார். மூச்சு முட்டினால் மேலே வந்துவிடுவார். ஸ்கூட்டர் அந்தக் களைப்பை நீக்கிவிடுவதால், உடல் தன் பலத்தால் ஒருநாளும் போயிருக்க முடியாத தூரத்துக்கும் ஆழத்துக்கும் ஒருவர் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். கருவி நின்றுபோனால் அங்கிருந்து அவரை மீட்டுக் கொண்டுவர வேண்டியது அவருடைய கைகால்கள்தான். கீழே சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

தூரத்துக்கான கணக்கு

மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 மீட்டர். கரையிலிருந்து நேராகக் கால்மணி நேரம் போனால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். சாதாரணமாக நீந்தத் தெரிந்த ஒருவர் மணிக்கு 2 கிலோமீட்டர் நீந்துவார் என்று வைத்துக்கொண்டாலும், அங்கே பேட்டரி தீர்ந்தால் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். எதிரே மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் இருந்தால் அதுவே ஒரு மணி நேரமாகிவிடும். அலையடிக்கும் கடலில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் நீந்தக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எனவே முதல் விதி: கருவி இல்லாமல் நீந்தித் திரும்ப முடியாத தூரத்துக்குக் கருவியோடும் போகக்கூடாது. இதற்காகவே ஸ்கூட்டர் ஓட்டும்போதும் காலில் ஃபின் எனும் நீச்சல் துடுப்பு அணிந்திருக்க வேண்டும். இழுத்துச் செல்லத்தான் இயந்திரம் இருக்கிறதே, எதற்கு வீண் சுமை என்று அதைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுப் போவது, உதவி தேவைப்படும் நேரத்தில் உதவிக்கு வரக்கூடிய ஒரே பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவதாகும்.

பேட்டரியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதமுள்ள ஒரு பங்கு எதிர்பாராததற்கு. இந்த மூன்றாம் பங்கைத் தொடாமல் கரையேறும் நாள்தான் சரியாக ஓட்டிய நாள். பெட்டியின் மேல் அறுபது நிமிடம் ஓடும் என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில் ஓட்டியபோது கிடைத்த அளவாக இருக்கும். வேகத்தைக் கூட்டினால் பேட்டரி அதைவிட மிக விரைவாகத் தீரும். இன்னொருவரையும் சேர்த்து இழுக்க நேர்ந்தால் இன்னும் விரைவாகத் தீரும். போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போய், வரும்போது அதனோடு திரும்புவதே முறை. எங்கள் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் அந்த ஓட்டம் இன்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தண்ணீரில் இறங்கும் முன், அன்று காலை கடலுக்குப் போய்வந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய பதில் எந்தச் செயலியையும்விட அந்தக் கரைக்குப் பொருத்தமாக இருக்கும்.

எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கருவியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்களும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. அந்தத் தடை மீன்வளத்துக்காகப் போடப்பட்டதுதான். ஆனாலும் கடல் நமக்கு ஒத்துவராத மாதங்களை நினைவில் வைத்துக்கொள்ள அது வசதியான அடையாளம். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் ஓரளவு அடங்கியும் தண்ணீர் தெளிந்தும் இருக்கும். அந்தப் பருவத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் ஊர்கள் கண்ணீரோடு அறிந்தன.

ஏப்ரல், மே மாதங்களில் வருவது வேறு வகை ஆபத்து. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், வெயில் காயும் நாளில் கடல் திடீரென்று கரையேறுவதை இரு பக்கத்து மீனவர்களும் கள்ளக்கடல் என்கிறார்கள். தெற்கே, மிகத் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் புயல்களில் எழுந்த நீண்ட அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதால் அது நேர்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படியொரு நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கடல் அமைதியாகத் தெரிந்தாலும் அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கக்கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று வகை இடங்களை முற்றாக விலக்க வேண்டும். முதலாவது, பொழிமுகம். பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் இடமும், தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறைத் தாமிரபரணி சேரும் இடமும் கரையிலிருந்து பார்க்க அழகானவை. ஆனால் ஆற்று வெள்ளமும் கடலின் ஏற்ற இறக்கமும் மோதும் அந்த வாயில், நம்மை வெளிக்கடலுக்கு இழுக்கும் ஓட்டத்தைச் சிறிய ஸ்கூட்டர் வென்று வராது. கலங்கல் நீரில் கீழே என்ன கிடக்கிறது என்பதும் தெரியாது. இரண்டாவது, தூண்டில் வளைவுகளின் ஓரம். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய இந்த வளைவுகளை ஒட்டி நீர் கடலை நோக்கி விரைந்து ஓடுவதுண்டு. கற்களின் இடுக்கில் சிக்கினாலோ அலை தூக்கி அவற்றின்மேல் அடித்தாலோ பிழைப்பது கடினம். மூன்றாவது, துறைமுகங்களும் கப்பல் வழிகளும். விழிஞ்ஞத்தில் சர்வதேசத் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதியில் கப்பல்களும் இழுவைப் படகுகளும் ஓயாமல் நடமாடுகின்றன. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் மீன்பிடித் துறைமுகங்களின் வாயிலும் நமக்கு இடமல்ல.

ஒதுக்குப்புறமாக அமைதியான நன்னீரில் பழகலாம் என்று அணைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: நெய்யாறு அணையின் நீர்த்தேக்கத்தில் முதலைகள் இருக்கின்றன. ஊர்க்குளங்களில் முதலை இல்லை; ஆனால் தாமரைக்கொடியும் பாசியும் புரொப்பல்லரில் இரண்டு நிமிடத்தில் சுற்றிக்கொள்ளும். பழகுவதற்கு ஏற்ற இடம், காசு கொடுத்தாவது இறங்கும் நீச்சல்குளம்தான்.

இறங்கும் முன் கருவியைப் பார்ப்பது

பேட்டரி அறையின் மூடியைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையம்தான் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இடையிலுள்ள ஒரே காவல். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி, எங்கள் வீட்டுத் திண்ணைகளில் எங்கும் பறக்கும் ஒரு தேங்காய் நார் அந்த வளையத்தின்மேல் படிந்திருந்தால் போதும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். மூடும் முன் வளையத்தை வெளியே எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, விரலால் சுற்றிலும் தடவி வெடிப்போ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிலிக்கான் கிரீஸை மெல்லிய பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். கைக்கு எட்டுகிறது என்பதால் தேங்காய் எண்ணெயைப் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சில வகை ரப்பரை உப்பச் செய்யும். தலைக்குத் தேய்ப்பதோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. மூடியபின் ஒரு வாளித் தண்ணீரில் கருவியை ஐந்து நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். மூடியின் விளிம்பிலிருந்து குமிழி தொடர்ந்து வந்தால் அன்றைக்குக் கடல் இல்லை.

விசையை அழுத்தினால் ஓட வேண்டும். விரலை எடுத்த உடனே நிற்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் வைத்துச் சோதியுங்கள். தண்ணீருக்கு வெளியே வெறுமனே ஓடவிட்டால் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு சூடாகித் தேயும். கரையில் தூக்கி நடக்கும்போதும், வள்ளத்தில் வைத்திருக்கும்போதும் விசை பூட்டியே இருக்க வேண்டும்.

கருவி மிதக்குமா மூழ்குமா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கைவிட்டால் மெதுவாக மேலே வரும்படி அதைச் சரிசெய்து வைப்பதே சிறிய கருவிகளுக்கு நல்லது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தியானது. எட்டு லிட்டர் இடத்தை அடைக்கும் ஒரு கருவி கடலில் சமநிலையில் நின்றால், குளத்தில் ஏறத்தாழ 200 கிராம் கனமாகிக் கீழே போய்விடும். குளத்தில் சரிசெய்த எடையோடு கடலுக்குப் போனாலும், கடலில் சரிசெய்ததைக் குளத்துக்குக் கொண்டுபோனாலும் மறுபடி பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உடலைப் பார்ப்பது

சளி பிடித்திருந்தாலோ, மூக்கு அடைத்திருந்தாலோ, காது வலித்தாலோ இறங்கக்கூடாது. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மது அருந்தியவர்களுக்கு, அது கள்ளாகவே இருந்தாலும், அன்றைக்குக் கரைதான்.

உடையில் தொங்குவது எதுவும் இருக்கக்கூடாது. நீண்ட முடியை முடிந்து தொப்பிக்குள் அடக்க வேண்டும். துப்பட்டா, தளர்ந்த சட்டை நுனி, சங்கிலி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, வெளியே தொங்கும் அரைஞாண் ஆகிய எல்லாம் புரொப்பல்லருக்கு இரைதான். கூண்டு இருக்கிறதே என்று நினைக்கலாம். கூண்டு விரலை ஓரளவு தடுக்கும், நூலைத் தடுக்காது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் ஸ்கூபா கருவியோடு செல்பவர்கள் காற்று மானியின் குழாயையும், வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டரின் மாற்றுப் பிரதியையும் உடலோடு ஒட்டிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இரு கைகளும் கருவியில் இருப்பதால் ஆழம் காட்டும் கணிப்பான் மணிக்கட்டில், பார்வைக்கு நேரே தெரியும்படி இருக்கட்டும்.

பழகும் முறை

முதல் நாள் மார்பளவு தண்ணீரில், மேற்பரப்பில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். கருவியை முகத்துக்கு நேரே பிடித்தால் அது பின்னே தள்ளும் நீர் உங்கள் மார்பில் அடித்து வேகத்தைத் தின்னும். முகக்கண்ணாடியையும் பிடுங்கப் பார்க்கும். கைகளை முன்னே நீட்டி, முழங்கையைச் சற்றே மடக்கி, கருவியை உடலுக்குக் கொஞ்சம் கீழே பிடித்தால் நீர் வயிற்றுக்கு அடியில் ஓடிவிடும். திரும்புவதற்குக் கையை முறுக்க வேண்டியதில்லை. தலையும் தோளும் திரும்பினால் கருவி தானே திரும்பும். முதலில் குறைந்த வேகம் மட்டும்.

அன்றே பழக வேண்டிய இன்னொன்று, கைவிடுவது. விசை சிக்கிக்கொண்டு நிற்காமல் ஓடினால் என்ன செய்வீர்கள்? பிடித்துக்கொண்டே போராடுவதுதான் இயல்பாக வரும், கைவிடுவதுதான் சரி. ஆகவே கருவியை மணிக்கட்டோடோ இடுப்போடோ இணைக்கும் கயிறு, ஒரு கையால் ஒரே இழுப்பில் கழன்றுவிடுவதாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது. கருவி எத்தனை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் அதைக் கடலில் விட்டுவிட்டு வரத் தயாராக இல்லாதவர் அதைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது.

கீழே போவதும் மேலே வருவதும்

எச்சரிக்கை மிகுதியாகத் தேவைப்படும் பகுதி இது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று. அழுத்தம் இரு மடங்காவது முதல் பத்து மீட்டரில்தான் என்பதால், காதுக்குத் தொல்லை மிகுதியாக வருவதும் அந்த ஆழத்திலேயே. தானாக நீந்திக் கீழே போகிறவர் மெதுவாகப் போவதால் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கிறது. ஸ்கூட்டர் தலைகீழாக, வேகமாக இழுத்துப் போகிறது. மூக்கைப் பிடிக்கக் கையும் ஓய்வாக இல்லை. எனவே ஒரு மீட்டருக்கு ஒருமுறையாவது விசையை விட்டு நின்று, ஒரு கையை எடுத்து, காதைச் சரிசெய்துகொண்டுதான் தொடர வேண்டும். வலிக்கத் தொடங்கினால் மேலும் இறங்காமல் சற்று மேலே வர வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு போனால் செவிப்பறை கிழியும்.

மேலே வருவது இதைவிட ஆபத்தானது. ஸ்கூபா காற்றைச் சுவாசித்தவர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் எழுவது நல்லது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு. நம் ஸ்கூட்டரின் சாதாரண வேகம் நிமிடத்துக்கு 67 மீட்டர் என்று மேலே கணக்கிட்டோம். அதை வானத்தை நோக்கித் திருப்பி விசையை அழுத்தினால், ஏற்ற வேகத்தைப்போல் ஏழு மடங்கில் எழுகிறீர்கள் என்று பொருள். பத்து மீட்டரில் நுரையீரலை நிறைத்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அது நுரையீரலைக் கிழித்து இரத்தத்தில் குமிழியாகப் புகுந்து மூளையை அடைக்கக்கூடும். ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து எழுந்தபோதுகூட இப்படி நேர்ந்திருக்கிறது. ஆகவே ஸ்கூபாவோடு இருப்பவர் மேலே வர ஸ்கூட்டரைப் பயன்படுத்தவே கூடாது. விசையை விட்டு, கருவியைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, இயல்பாக மூச்சுவிட்டபடி ஃபினால் எழ வேண்டும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். முறையான ஸ்கூபாப் பயிற்சி பெறாதவர் சிலிண்டரோடு ஸ்கூட்டரைச் சேர்க்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

ஸ்நார்க்கல் எனும் மூச்சுக்குழாயோடு வந்து மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. நமக்கு மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கரியமில வாயு கூடுவதால். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும்; எனவே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும்போதும் எச்சரிக்கை வராது. ஆழத்தில் அழுத்தத்தின் துணையோடு போதுமானதாக இருந்த ஆக்சிஜன், மேலே எழும்போது அழுத்தம் குறையக் குறையப் போதாமல் போகிறது. மேற்பரப்புக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கையில் நினைவு தப்பும். வலியோ திணறலோ முன்கூட்டித் தெரியாது. ஸ்கூட்டர் வைத்திருப்பவர் கைகாலை அசைக்காததால் இன்னும் கீழே, இன்னும் நேரம் என்று போகத் தோன்றும். இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே போகாமலிருப்பதும், மூழ்கியிருந்த நேரத்தைப்போல் இரு மடங்காவது மேலே ஓய்வெடுப்பதும், ஒருவர் கீழே இருக்கையில் மற்றவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பதும் கட்டாயம். கடியப்பட்டினத்துப் பாறைகளில் சிப்பி எடுக்க மூழ்குகிற ஒரு பெரியவரிடம் உங்களுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித்தரலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். “தம்பி, எனக்கு மூச்சு முட்டுறதுதான் கடிகாரம். அதை நிறுத்திப் போடுற சாமான் எனக்கு எதுக்கு?” என்றார்.

வலையும் வள்ளமும்

நம் கடல் வெறும் தண்ணீர் அல்ல, வேலைத்தளம். காலையில் கரைமடி வலை இழுக்கும் இடங்களில் கரையிலிருந்து நெடுந்தூரம் கயிறு கடலுக்குள் போகும். கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களை ஒட்டி வலைகள் கிடக்கும். அறுந்துபோன தங்கூசி எனும் நைலான் நரம்பு தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பார்வை ஐந்து மீட்டருக்கும் குறைவாக இருக்கும் நாளில் வேகமாக ஓட்டுவது, வலை எங்கே இருக்கிறது என்பதை உடலால் கண்டுபிடிப்பதற்குச் சமம். சிக்கினால் உடனே விசையை விட்டு, அசையாமல் நின்று, வந்த வழியே பின்னுக்கு நகர்ந்து பாருங்கள். சுழன்று திரும்பினால் இன்னும் சுற்றும். மழுங்கிய முனையுள்ள சிறு கத்தியோ கத்தரியோ கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் கண்ணுக்கு முன் நல்ல வலை கிடந்தால், அதை அறுக்கும் நிலை வருவதற்கு முன்பே விலகிப் போங்கள். அது ஒருவருடைய சோறு.

முட்டத்துப் பாறைகளுக்கு அருகே என் கருவியில் நரம்பு சுற்றியது. பாறையில் ஏறி உட்கார்ந்து, விசையைப் பூட்டாமலேயே விரலைக் கூண்டுக்குள் விட்டு அதை உருவப் பார்த்தேன். மறுகை விசையில் பட்டது. ஆள்காட்டி விரலின் நகம் போனதோடு தப்பித்தேன். பேட்டரியைக் கழற்றிய பிறகே புரொப்பல்லரில் கைவைப்பது என்ற வழக்கம் எனக்கு அன்று தொடங்கியது.

தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இதனால் எஞ்சின் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. பைபர் வள்ளம் தலைக்கு மேலேயே வந்தாலும் தொலைவில் போவதாகத் தோன்றலாம். சத்தம் கேட்டால் அது நின்று தேயும் வரை எழக்கூடாது. எழும்போது ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, சுற்றிலும் பார்த்தபடி எழ வேண்டும். செம்மஞ்சள் நிற மிதவை ஒன்றைக் கூடவே இழுத்துச் செல்லுங்கள். ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கையேடுகளில் சொல்லப்படும் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட மூழ்குநர் கொடி எங்கள் கரையில் யாருக்கும் பழக்கமில்லை. மிதவையையும் கொடியையும் சேர்த்துப் பார்ப்பவர், யாரோ வலை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க வருவார். எனவே போகும் நாளில் அந்த ஊரில் வள்ளம் இறக்கும் இடத்துக்குப் போய், இன்ன இடத்தில், இத்தனை பேர், இத்தனை மணி வரை தண்ணீருக்குள் இருப்போம் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். கோவளம்போல் உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில் அவரிடம் சொல்லுங்கள். அங்கே சிவப்புக் கொடி பறந்தால் கேட்க வேண்டியதுகூட இல்லை, இறங்கக்கூடாது.

வள்ளத்திலிருந்து இறங்குவதானால் எஞ்சினை அணைத்தபின் ஆள் முதலில், கருவி பிறகு. ஏறும்போது கருவி முதலில், ஆள் பிறகு. கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தால் அது முகத்தில் வந்து அடிக்கும்.

தனியாகப் போகக்கூடாது என்பதை யாரும் மறுப்பதில்லை, ஆனால் யாரும் கடைப்பிடிப்பதுமில்லை. இருவர் போனால் போதாது. இருவரின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகமான கருவி வைத்திருப்பவர் மெதுவான கருவிக்கு ஏற்பத் தம் வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி செல்ல வேண்டும். ஒருவரின் கருவி நின்றால் மற்றவர் இழுத்து வருவதை நீச்சல்குளத்திலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கரையிலுள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் வைத்து இடத்தைக் குறிக்கும் கணியம் எங்கள் முன்னோர் கண்டது. தண்ணீரிலிருந்து எட்டிப்பார்த்துக் கரையேறும் இடத்தைக் கண்டுபிடிக்க அது இன்றும் கைகொடுக்கும்.

ஏதாவது நேர்ந்தால்

கடலில் ஆள் காணாமல் போனால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554, பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. மூழ்கி மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் எங்கள் கரையில் இன்னும் இருக்கும் பழக்கம். அது நேரத்தை வீணாக்கும்; வாந்தி நுரையீரலுக்குள் போகவும் செய்யும். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்றூத வேண்டும். பிறகு மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, உதவி வரும் வரை நிறுத்தக்கூடாது. ஸ்கூபாக் காற்றைச் சுவாசித்து எழுந்தவருக்குத் தலைசுற்றல், மரத்துப்போதல், மூட்டுவலி, பேச்சுக் குழறல் வந்தால் அவரைப் படுக்கவைத்து ஆக்சிஜன் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவரிடம் அவர் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனை எது என்பதை முன்தினமே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்கூபாவோடு ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. காலையில் கோவளத்தில் மூழ்கி இரவில் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் பறக்கத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உயரே காற்றழுத்தம் குறைவதால் மாலையில் பொன்முடி மலைக்கு வண்டி ஏறுவதும் இதே வகைதான். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர்.

பேட்டரி

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் வாட்-மணி அளவைப் பாருங்கள். 100 வரை கைப்பையில் கொண்டுவரலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன்அனுமதி வேண்டும். 160-க்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரியை எக்காரணம் கொண்டும் சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது.

அதற்குரிய சார்ஜரில் மட்டும், ஆள் விழித்திருக்கும் நேரத்தில், கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி வைத்து மின்னேற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறக்காமல் முழுக் கருவியையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, புரொப்பல்லரைக் கையால் சுற்றி உப்பைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே திறக்க வேண்டும். உள்ளே கடல்நீர் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். உப்புநீரில் மின்சாரம் பாயும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது மூடிய உறைக்குள் சேர்ந்திருக்கும்போது அவசரமாகத் திறந்தாலோ பக்கத்தில் தீ இருந்தாலோ வெடிக்கலாம். வெளிமுற்றத்தில், ஆட்களிடமிருந்து தள்ளி வைத்து, விற்றவரிடம் கேட்ட பிறகு கைவையுங்கள்.

எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றி, பாதி அளவு மின்னேற்றி, உலர்ந்த இடத்தில் தனியாக எடுத்துவையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்துப் பாதிக்குக் குறைந்திருந்தால் ஏற்றுங்கள். கடல் தெளிந்து திரும்ப எடுக்கும்போது, சென்ற பருவத்தில் எவ்வளவு பழகியிருந்தாலும், வாளிச் சோதனையிலிருந்தும் நீச்சல்குளத்தின் மார்பளவு தண்ணீரிலிருந்தும்தான் மறுபடி தொடங்க வேண்டும்.